முதல் எண்டூரன்ஸ் ரைடு: எத்தனை கிலோமீட்டரில் தொடங்கலாம்?

குதிரையில் நெடுந்தூரம் போகும் எண்டூரன்ஸ் ரைடிங்கில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "40 கிலோமீட்டரில் தொடங்கலாமா, இல்லை நேராக 80-க்கே போய்விடலாமா?" என்றுதான். கேட்பவர் நன்றாகக் குதிரையேறத் தெரிந்தவராக இருப்பார், குதிரையும் திடமாகத்தான் இருக்கும். ஆனாலும் என் பதில் மாறாது. முதல் ரைடு 20 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். போட்டிக் கணக்கில் சேராத அறிமுக ரைடாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் குதிரையின் உடம்பு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேற ஆரம்பித்துவிடும். மேடு ஏறினால் முன்போல மூச்சு வாங்காது, இறங்கி நின்றதும் துடிப்பு சட்டென்று அடங்கும். தசை வலுப்பெற மாதங்கள் ஆகும். தசைநாண், மூட்டு, எலும்பு, குளம்பு எல்லாம் அந்த உழைப்புக்குப் பழக ஒரு வருடமோ அதற்கு மேலுமோ பிடிக்கும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மூன்று நான்கு மாதப் பயிற்சியில் குதிரை கடிவாளத்தை இழுத்துக்கொண்டு இன்னும் ஓடத் துடிக்கும். அதன் மூச்சு தாங்கும், கால் தாங்காது. தசைநாணில் ஒருமுறை காயம் பட்டால் மாதக்கணக்கில் லாயத்தில் நிற்க வேண்டியதுதான். சில குதிரைகள் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. அதனால் தூரத்தை முடிவு செய்யும்போது குதிரையின் உற்சாகத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? நீங்கள் நினைத்திருக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை, நினைத்திருக்கும் அதே வேகத்தில், பயிற்சியில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை தீவனம் போடுவதற்கு முன் குனிந்து, முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழே வரை தடவுங்கள். ஒரு காலைவிட இன்னொன்று சூடாக இருக்கிறதா, மென்மையான வீக்கம் தட்டுப்படுகிறதா, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறதா? பிறகு சேணம் இருந்த இடத்தில் முதுகைத் தொட்டுப் பாருங்கள், வயிற்றுப் பட்டை உரசிய இடத்தையும் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்து, தீவனத்தையும் வழக்கம்போல ஆர்வமாகத் தின்றால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரி. ஏதாவது ஒன்று இடித்தாலும் தூரத்தைக் குறையுங்கள்.

நேரத்துக்குள் முடிக்க முடியுமா என்ற கவலை பலருக்கு உண்டு. அது தேவையற்ற கவலை. அமெரிக்காவில் இந்த ரைடுகளுக்கான அமைப்பான ஏ.இ.ஆர்.சி.யின் விதிப்படி 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் ரைடுக்கு 6 மணி நேரம் உண்டு. நடுவே கட்டாய ஓய்வும் அதற்குள்தான். ஓய்வுக்கு ஒரு மணி நேரம் போனாலும் மணிக்கு 8 கிலோமீட்டர் சராசரி போதும். நடையும் டிராட் என்கிற மிதமான ஓட்டமும் கலந்து போகிற குதிரைக்கு இது சிரமமே இல்லை. அதே அமைப்பின் குறுந்தூர ரைடுகளில், இறுதிக் கோட்டைத் தாண்டினாலும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்கு இறங்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசி நீட்டத்தில் விரட்டி வந்து மிச்சப்படுத்திய நேரம் நின்ற இடத்திலேயே கரைந்துவிடும்.

முதல் ரைடைச் சிறியதாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வெட் செக், அதாவது ரைடில் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் உண்மையான பரீட்சை அதுதான். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். ரைடில் நின்றதும் அது 60 அல்லது 64-க்குக் கீழே இறங்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. மருத்துவர் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணுவார். ஈறை விரலால் அழுத்தி நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். தோலைக் கிள்ளி உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். விலாவுக்குப் பின்னால் குடல் சத்தம் கேட்பார். கடைசியாக, நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நேராக ஓடித் திரும்ப வேண்டும். நொண்டல் தெரிந்தால் ரைடு அங்கேயே முடிந்தது. இதில் எதுவும் பழகாத குதிரை, பக்கத்தில் இன்னொரு குதிரை கனைத்தாலே பதறும். 58-இல் இருந்த துடிப்பு 70-க்குப் போய்விடும். அந்தப் பதற்றத்தை 25 கிலோமீட்டர் முடித்த தெம்பில் சந்திப்பது நல்லதா, 60 கிலோமீட்டர் களைப்பில் சந்திப்பது நல்லதா? வீட்டிலேயே தினமும் யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் பிடித்து ஓடப் பழக்குங்கள்.

உங்கள் உடம்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறியவர் களைத்துச் சேணத்தில் சரிந்து உட்கார்ந்தால் அந்தப் பாரம் முழுவதும் குதிரையின் முதுகில்தான் இறங்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. பல வருடம் 80 கிலோமீட்டர் ஓடிப் பழகிய குதிரை கிடைத்து, புதியவர் நீங்கள் மட்டும்தான் என்றால் 40-இல் தொடங்கலாம். மாறாக, பந்தயத்திலிருந்து வந்த குதிரை என்றால் 20-ஐத் தாண்டாதீர்கள். அதற்கு வேகம் தெரியும், கூட்டத்தில் நிதானமாக நடக்கத் தெரியாது. அறிமுக ரைடே நடக்காத இடத்தில் 40-க்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாகக் கிளம்பி, மெதுவாகவே போய் வாருங்கள். பாதியில் குதிரைக்குச் சரியில்லை என்று தோன்றினால் விலகிக்கொள்ளும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு.

கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கப் 100 மைல் ரைடைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே வருகிறது. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அந்த மலைப்பாதையில், வருடக்கணக்கில் தயாரான ஜோடிகளிலும் ஏறக்குறைய பாதிதான் கடைசிவரை போய்ச் சேர்கின்றன. ஆசை இருக்கட்டும், அதற்கான வருடங்களையும் குதிரைக்குக் கொடுங்கள். 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர் ரைடுக்கு ஏ.இ.ஆர்.சி. குதிரைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது.

ஒவ்வொரு ரைடிலும் வந்து நின்றபோது துடிப்பு எவ்வளவு, 60-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். 30 கிலோமீட்டரில் இரண்டு மூன்று முறை பத்து நிமிடத்துக்குள் இறங்கி, மறுநாள் காலும் குளிர்ந்திருந்தால் 40-க்குப் போங்கள். 80-க்கான பெயர்ப் பதிவை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள்.