ஆறில் இரண்டு போனால் எம்3

பிஎம்டபிள்யூ இ30 எம்3 காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் பாதி ஒட்டிய பிறகுதான் கவனித்தேன், பானெட்டுக்கு அடியில் வெறும் பள்ளம்தான். 1987-இல் ரொபர்ட்டோ ரவாலியா உலக டூரிங் கார் பட்டத்தையும், எரிக் வான் டி போல் ஜெர்மனியின் கார் பந்தயத் தொடரான டிடிஎம் பட்டத்தையும் வென்ற கார் இது. எஞ்சின் இல்லாமல் அலமாரியில் ஏற்ற மனசு வரவில்லை.

பழைய டப்பாவில் பிஎம்டபிள்யூவின் இன்னொரு காரான எம்1-இன் கிட்டின் மிச்சமாக எம்88 எஞ்சின் கிடந்தது. அது ஆறு சிலிண்டர், 3453 சிசி. எம்3-யின் எஸ்14 எஞ்சினோ நான்கு சிலிண்டர், 2302 சிசி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்றில் இரண்டு பங்கு. இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 93.4, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 84 மி.மீ. பிஎம்டபிள்யூவின் எஞ்சின் வடிவமைப்பாளர் பால் ரோஷே ஆறு சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், இரண்டை அறுத்து எடுத்துவிட்டு, பின்பக்க ஓட்டையைத் தகட்டால் மூடி, பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினான எம்10-இன் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) மேல் உட்கார வைத்தார். இரண்டிலும் அடுத்தடுத்த சிலிண்டர் மையங்களுக்கு இடையே 100 மி.மீ. என்பதால் பொருந்திவிட்டது. அந்தப் பிளாக்கும் லேசுப்பட்டதில்லை. 1983-இல் நெல்சன் பிக்கேவுக்கு எஃப்1 பட்டம் வாங்கித் தந்த டர்போ எஞ்சினுக்கும் அதுதான் அடித்தளம்.

சரி, அவர் அறுத்ததை நாமும் அறுப்போம் என்று ரம்பத்தை எடுத்தேன். 1/24-இல் அந்த 100 மி.மீ. வெறும் 4.2 மி.மீ. ரம்பம் கோணலாக ஓடி நான்காவது சிலிண்டரையும் கொஞ்சம் கடித்துவிட்டது. உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து, போன அரை மில்லிமீட்டருக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினேன். ரோஷேயின் தகடு மாதிரியே பின்பக்கம் மூடியதில் ஓர் அற்ப சந்தோஷம்.

பிளாக்கை ஷீட்டிலேயே கட்டி, நிமிர்த்தி ஒட்டினேன். பானெட் மூடவில்லை, தீக்குச்சி கனத்துக்குத் தூக்கி நின்றது. ஒரு மாலை முழுக்கக் காற்றுப் பெட்டியை அரத்தால் ராவியும் பலனில்லை. அப்புறம் நிஜ எஞ்சினின் படத்தைப் பார்த்தால், அது சாய்ந்து நிற்கிறது! பானெட் தாழ்வாக இருக்கட்டும் என்று எம்10-ஐயே 30 டிகிரி சாய்த்துத்தான் வடிவமைத்திருந்தார்கள். படத்தை முதலிலேயே பார்த்திருக்கலாம்.

பையனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, அதன் 30 டிகிரி முனையை வைத்துத் தாங்கிகளை மறுபடி வெட்டினேன். பானெட் இப்போது மூடுகிறது. ராவிக் கெடுத்த காற்றுப் பெட்டியைப் புட்டி வைத்து நிரப்பிக் காயப் போட்டிருக்கிறேன். அடுத்து எக்ஸாஸ்ட்: சால்டர் ஈயக் கம்பியில் நான்கு குழாய்.