87 ஸ்விட்ச், ஒரு பிரஷ், ஐந்து மாலை

நான்கு வருடமாகத் தினமும் இதே கீபோர்டில்தான் தட்டச்சு செய்கிறேன். 87 விசை, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு லீனியர் ஸ்விட்ச் (நடுவில் தட்டுப்படாமல் ஒரே சீராக இறங்கும் ரகம்), ஹாட் ஸ்வாப் பலகை. பற்றவைத்ததை உருக்காமலே ஸ்விட்சைப் பிடுங்கலாம், திரும்பச் செருகலாம். கைக்கு நன்றாகப் பழகிவிட்ட கருவி. இரண்டு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மெதுவாக அழுத்தினால் மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு. விரலை எடுத்ததும் உள்ளே ஸ்ப்ரிங் 'ணிங்' என்று ஒரு கணம் அதிரும். தமிழ்99 முறையில் புள்ளி இருப்பது எஃப் விசையில். நான் அதிகம் தொடுவதும் அதுதான், அதிகம் 'ணிங்' என்றதும் அதுதான். இரவில் வீடு அடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால் வேறு எதுவும் காதில் விழாது.

சரி, எல்லாவற்றையும் கழற்றி கிரீஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு ஸ்விட்சைப் பிரித்தால் ஐந்து பாகம்: மேல் மூடி, கீழ்க்கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, ஸ்ப்ரிங், ஒரு ஓரத்தில் மெல்லிய செம்புத் தகடு. தண்டின் ஒரு பக்கம் இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விசையைத் தொடாதபோது அந்தக் கால்கள் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கின்றன. அழுத்தினால் கால்கள் கீழே நழுவ, தகடு தானாக எதிர்ப்பக்கம் போய்த் தொடுகிறது. அப்போதுதான் எழுத்து திரையில் விழுகிறது. இந்த வகை ஸ்விட்சில் தண்டு மொத்தம் இறங்குவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். கரகரப்பு முழுக்க அந்த 4 மில்லிமீட்டருக்குள் தண்டின் பக்கவாட்டும் கீழ்க்கூட்டின் தண்டவாளங்களும் உரசுவதில் வருகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிரீஸ் எங்கே போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்பது எனக்குப் புரிந்தது.

வாங்கியது கிரைடாக்ஸ் 205 கிரேடு 0. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் 'ஜி ஜீரோ' என்று சுருக்கிச் சொல்வார்கள். புளோரின் கலந்த செயற்கை எண்ணெயில் டெஃப்லான் தூள் சேர்த்துக் குழைத்த வெள்ளை கிரீஸ். கிரேடு 0 என்பது அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் பெரும்பாலும் கிரேடு 2, அதைவிட இது இளக்கம். பிளாஸ்டிக்கை அரிக்காது, சீக்கிரத்தில் காயாது. ஸ்ப்ரிங்குக்குத் தனியாக அதே கிரைடாக்ஸின் 105 எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதாதா என்று எனக்கும் தோன்றியது. அது நீர்த்து ஓடி நேராகத் தகட்டில்தான் போய் நிற்கும், வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: இந்த கிரீஸ் அதிகமாகச் சூடானால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இடையில் சிகரெட் கூடவே கூடாது.

முதல் மாலை 12 ஸ்விட்ச் முடித்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. பிரஷில் தாராளமாக எடுத்து, தண்டின் நான்கு பக்கமும் வெள்ளையாகத் தெரியும்படி பூசினேன். கீழ்க்கூட்டிலும் அப்படியே. மூடிப் பலகையில் செருகித் தட்டியபோது கரகரப்பு போயிருந்தது, ஆனால் விசை சேற்றுக்குள் கால் வைத்தது போல மந்தமாக ஏறி வந்தது. 'ணிங்' அப்படியே இருந்தது. ஜே விசை பத்து முறை தட்டினால் ஒரு முறை எழுத்தைச் சாப்பிட்டது. திரும்பத் திறந்து விளக்கடியில் பார்த்தேன்: தகடு தொடும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. இந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே ஒட்டினால் எழுத்து விழாமல் போவது நியாயம்தானே.

இரண்டாம் மாலை முழுக்க அந்தப் பன்னிரண்டையும் துடைப்பதிலேயே போயிற்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவினால் போய்விடும் என்று நம்பி ஊறவைத்தேன். கொஞ்சமும் கரையவில்லை, இடம் மாறி அப்பிக்கொண்டது. புளோரின் கிரீஸ் சாதாரண ஆல்கஹாலில் கரையாது என்பதை அங்கேதான் கற்றேன். கடைசியில் காய்ந்த பிரஷும் துணுக்குத் துணியும்தான் வேலை செய்தன. துடைத்து முடித்து ஒன்றைச் சும்மா மூடி அழுத்திப் பார்த்தேன். அதுதான் இத்தனை நாள் நான் தேடிய தொடுகை! துடைத்த பிறகும் ஒட்டியிருந்த மிச்சமே போதுமான அளவாக இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் பூசும் விதத்தை மாற்றினேன். சைபர் அளவுப் பிரஷின் நுனியை மட்டும் கிரீஸில் தொட்டு, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிடுவேன். பிரஷில் ஈரம் மட்டும் தங்க வேண்டும். தண்டின் பக்கத்தில் ஒரு இழுப்பு. பூசிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம்; விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு கொஞ்சம் மாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்க்கூட்டின் இரண்டு தண்டவாளத்திலும் ஆளுக்கு ஒரு இழுப்பு. தண்டின் கால்களில், பிரஷில் மிச்சமிருப்பதை ஒற்றி எடுத்தால் போதும். என்னுடையது லீனியர் என்பதால் கால்களைத் தொட்டேன். டாக்டைல் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் அந்தக் கால்களைத் தொடாமல் விடுவது நல்லது. விரலில் தட்டுப்படும் அந்த மேடு இருப்பதே அங்கேதான், கிரீஸ் பட்டால் அது மழுங்கும். கிளிக் சத்தம் போடும் ரகம் என்றால் அந்தச் சத்தத்துக்காகத்தானே வாங்கினீர்கள், திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒவ்வொன்றாகத் திறந்து, பூசி, மூடுவதையும் விட்டுவிட்டேன். முதலில் நாற்பது ஸ்விட்சை ஒன்றாகத் திறந்து பாகம் பாகமாகத் தட்டில் பிரித்து வைத்தேன். பிறகு கீழ்க்கூடு நாற்பதுக்கும் வரிசையாக ஒரே வேலை, தண்டு நாற்பதுக்கும் ஒரே வேலை. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்யும்போது கைக்கு அளவு பிடிபடுகிறது. இருபதாவது தண்டுக்குப் பிறகு நான் பிரஷைப் பார்க்கவே இல்லை. பூசிய அளவு விசைக்கு விசை மாறினால் தட்டும்போது விரல் உடனே கண்டுபிடித்துவிடும். ஒரே அளவாக விழுவதற்காகவே இந்த வரிசை முறையைப் பரிந்துரைப்பேன்.

ஸ்ப்ரிங்குக்கு பிரஷ் தேவைப்படவில்லை. ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பையில் எல்லா ஸ்ப்ரிங்கையும் போட்டு, 105 எண்ணெய் ஐந்தாறு சொட்டு விட்டு, காற்று நிறைத்து மூடி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினேன். சில ஸ்ப்ரிங்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. இழுக்கக் கூடாது, திருகாணி கழற்றுவது போலச் சுழற்றினால் பிரிந்து வரும். ஒரு ஸ்ப்ரிங் ட்வீசரிலிருந்து தெறித்து எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை. உபரியாக இருந்த ஸ்விட்சிலிருந்து ஒன்றை எடுத்து ஈடுகட்டினேன்.

மூடும்போது தண்டின் கால்கள் தகடு இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பலகையில் செருகுவதற்கு முன் அடியில் இருக்கும் இரண்டு உலோக ஊசியும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளைந்த ஊசியோடு அழுத்தினால் அது மடங்கிப் படுத்துக்கொள்ளும், விசை வேலை செய்யாது. எனக்கு மூன்று முறை அப்படி ஆனது. ட்வீசரால் மெதுவாக நிமிர்த்தினேன், எதுவும் ஒடியவில்லை.

மூன்றாம், நான்காம் மாலைகளில் மீதி 75 முடிந்தன, துடைத்து வைத்த பன்னிரண்டையும் அப்போதே புது எண்ணெய் போட்ட ஸ்ப்ரிங்கோடு மூடினேன். கடைசி வரிசைக்கு வரும்போது ஒரு ஸ்விட்சுக்கு இரண்டரை நிமிடம் ஆனது. 'ணிங்' போயே போயிற்று. கரகரப்பு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மேல் விரல் வழுக்குவது போல இருக்கிறது. சத்தமும் தாழ்ந்து, 'டக் டக்' என்றிருந்தது 'தொக் தொக்' என்று ஆகிவிட்டது. ஸ்விட்ச் அமைதியானதும் அதுவரை மறைந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது: ஸ்பேஸ்பாரின் கம்பி ஆடும் கடகடப்பு.

ஐந்தாம் மாலையை அதற்குக் கொடுத்தேன். ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட் என ஐந்து நீள விசைகளுக்கும் அடியில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, விசை ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் கம்பி அமைப்பு. கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் படுக்க வைத்தேன். ஸ்பேஸ்பார் கம்பியின் ஒரு முனை தாள் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. கடகடப்பில் பாதிக்குக் காரணம் அந்த வளைவு. இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, இரண்டு முனையும் கண்ணாடியில் ஒட்டிப் படியும்வரை விடவில்லை. கம்பி முனைகளுக்கு மட்டும் கெட்டியான டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ். இங்கே தாராளம் பரவாயில்லை, முனை ஆடாமல் நிற்க அந்தக் கெட்டிதான் வேண்டும்.

மூன்று வாரம் ஆகிறது. இடது ஷிஃப்டில் மட்டும் கம்பியின் லேசான ஆட்டம் இன்னும் காதில் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி கழற்றப்போகிறேன்.