பிடியரிசி: லெந்து நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன், லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் நாள்

காலையில் உலை வைக்கும்போது வழக்கம்போல ஒரு பிடி அரிசி எடுத்து டப்பாவில் போட்டேன். மாதக் கடைசியில் இந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. டப்பா அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

மத்தியானம் தம்பி போன் பண்ணினான். குடியை விட்டு எட்டு மாதமாகிறதாம். ஊருக்கு வரட்டுமா என்று கேட்டான். வா என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலில் எங்கள் சபைப் போதகரான ஐயர் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். ஐயரம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டி, புண் கழுவி, துணி மாற்றியவள் நான். அம்மாவின் சங்கிலியை விற்றுக் குடித்தவன் அவன். அடக்கத்துக்குக்கூட வரவில்லை. எனக்காக யாரும் இப்படி அழவில்லையே ஆண்டவரே என்று ஜெபத்தில் கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

வேதாகமத்தில் மத்தேயு 20ஆம் அதிகாரம் வாசித்தேன். விடியற்காலையில் திராட்சத்தோட்டத்துக்குப் போனவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில், அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு, போனவனுக்கும் ஒரு பணம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த உவமை. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று எஜமான் கேட்கும் இடத்தில் இன்று மேலே படிக்க முடியவில்லை.

முந்தி வந்தவர்களுக்குப் பேசின கூலி குறையவில்லை. பிந்தி வந்தவன் கையைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு வயிறு எரிந்தது. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்க, நானோ அந்தப் பன்னிரண்டு வருஷத்தை இரட்சிப்புக்கு விலையாக எடுத்து வைத்திருந்தேன்.

அந்த வருஷங்களில் எத்தனை ராத்திரி நானும் அம்மாவும் 23ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டே தூங்கியிருக்கிறோம்! அதுவா பாரம்? அவன் எங்கோ கடைத்திண்ணையில் கிடந்த ராத்திரிகள் அவை. அம்மா குரலில் அந்தச் சங்கீதத்தை அவன் இனிக் கேட்கவே முடியாது.

ஏப்ரல் 12, சனி

தம்பியோடு இடையன்குடி போனேன். கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது. 33 வருஷம். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே ஒரு ஆராதனைகூடப் பார்க்காமல் கண்மூடினார்களோ. கடைசி வருஷம் வேலைக்கு வந்தவன் பிரதிஷ்டையன்று உட்கார்ந்து பாடியிருப்பான். தம்பி கொத்தன், சுவரைத் தடவிக்கொண்டே நின்றான். எந்தக் கல் யார் வைத்தது என்று அவனாலும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. அவன் எழவில்லை.

"நீ போக்கா. எனக்குத் தகுதி இல்ல."

"எனக்கும் இல்லடா. வா."

நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக மனதார அப்படிச் சொன்னேன். பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். அவன் உள்ளங்கையில் ஒரு துண்டு அப்பம், அடுத்து என் உள்ளங்கையில். அவன் கை நடுங்கியது. அவன் குடித்த பாத்திரத்தை ஐயர் துடைத்து என்னிடம் நீட்டினார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்து இன்று பக்கத்து ஊரில் கொத்து வேலைக்குப் போகிறான். நான் எழுந்து வருவதற்குள் அவனே உலை வைத்திருந்தான்.

"பிடியரிசி எடுத்தியாடா?"

டப்பாவைத் திறந்து காட்டினான். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற கை. என் பிடியைப்போல இரண்டு பங்கு இருந்தது.