மீதிக்கும் இடம் விட்டு வாரச் சமையல்

வாரத் திட்டம் எழுதும்போது ஏழு நாளும் புதுச் சமையல் என்று எழுதினால் ஃபிரிட்ஜ் நிரம்பும், குப்பைக்கூடையும் நிரம்பும். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் புதன், சனி இரண்டு இரவுகளையாவது மீதிக்கென்று விட்டுவையுங்கள். அதற்கானதை முந்தின நாள் சமைக்கும்போதே, பரிமாறுவதற்கு முன்பே எடுத்துவைத்துவிட வேண்டும். பல கரண்டி பட்டுச் சுற்றி வந்த மிச்சம் சீக்கிரம் கெடும். அடுப்பிலிருந்து நேராகச் சுத்தமான டப்பாவுக்குப் போனது தாங்கும்.

துவரம்பருப்பை ஒரு கப் (சுமார் 200 கிராம்) மஞ்சள்தூள் மட்டும் போட்டு வேகவையுங்கள். பாதி இன்றைய சாம்பாருக்கு. மற்றப் பாதியை உப்பு, புளி சேர்க்காமல் ஆறவைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நாளைக்கு ரசமோ கூட்டோ கால் மணி நேர வேலைதான். சாம்பாராகவே வைத்தால் மறுநாள் கெட்டியாகி, சூடுபண்ணும்போது அடிப்பிடிக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறிய பிறகே அடுப்பைக் கூட்டுங்கள்.

பொரியலில் முதலில் கெடுவது தேங்காய். மறுநாள் பங்கை எடுத்த பிறகு துருவல் சேருங்கள். மீந்த பீன்ஸ், கோஸ், கேரட் பொரியலை அடை மாவில் கலக்கலாம். இரண்டு கரண்டி மாவுக்கு ஒரு பிடி போதும். சுரைக்காய், புடலங்காய் வேண்டாம். தண்ணீர் விட்டு, திருப்பும்போது அடை பிய்ந்துவிடும்.

இட்லியை உப்புமாவாக்கச் சூட்டோடு உதிர்த்தால் களிதான் கிடைக்கும். இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இறுகிய இட்லிதான் இதற்குச் சரி. ஆறு இட்லியை வெளியே எடுத்ததுமே, குளிர் விடுவதற்குள், விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயத்தை வதக்குங்கள். உப்பு வெங்காயத்துக்கு மட்டும் போதும், இட்லியில் ஏற்கெனவே இருக்கிறது. உதிர்த்ததைப் போட்டு மூடாமல் நன்றாக ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். மூடினால் ஆவி இறங்கிக் குழையும்.

சோற்றில்தான் அதிக கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நஞ்சில் ஒரு வகை, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. வாந்தி வருவது அதனால்தான். அணைத்த குக்கரில் மூடியபடியே மாலைவரை கிடக்கும் சோறுதான் ஆபத்தானது. மதியமே மீதியை அகலத் தட்டில் பரப்பி, ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். குளிர்ந்த சோறு விறைத்திருக்கும். மேலே தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டினால் உதிரியாகிவிடும், எலுமிச்சைச் சாதத்துக்கு அருமையாக இருக்கும்.

பழைய சோற்றுக்கு வழி வேறு. ஆறிய உடனே சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரவில் புளித்து, காலையில் இளம்புளிப்பு வாசம் வரும். கொழகொழப்போ நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள், கழுவிச் சாப்பிடப் பார்க்காதீர்கள்.

அதற்குத் தொட்டுக்கொள்ளச் சுண்டக்குழம்பை மிஞ்ச எதுவும் இல்லை. வத்தக்குழம்பு, காரக்குழம்பு, புளி சேர்ந்த காய் என்று மீந்ததை ஒரே மண்சட்டியில் போட்டு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் அரை மணி நேரமாவது வற்றவிடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் பதம். உப்பும் காரமும் வற்ற வற்ற ஏறும், புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். மோர்க்குழம்பை இதில் கலக்கக் கூடாது, கொதித்தால் திரிந்துவிடும்.

எதுவானாலும் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, கொதிக்கும்வரை ஒரே ஒரு முறை சூடுபண்ணுங்கள். முழுப் பாத்திரத்தையும் தினமும் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைப்பதுதான் ருசியையும் கெடுக்கிறது, வயிற்றையும் கெடுக்கிறது. டப்பாவில் கிழமை எழுதி ஒட்டுங்கள். குழம்பும் பொரியலும் மூன்று நாளுக்குமேல் வேண்டாம். மின்சாரம் நாலு மணி நேரத்துக்குமேல் நின்றிருந்தால் கணக்கே பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.