அண்ணன் கோடு போட்ட புத்தகம்

ஏப்ரல் 22

தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். பாம்பனில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, அண்ணன் வீட்டில் வெள்ளையடிப்பு. பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் பழைய பாஸ்புக், நைலான் கயிறு, அதற்கடியில் அட்டை போன அந்தப் புத்தகம். டாக்டர் கேள்வி பதில். பதினாறு வயதில் வலைக்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்த்து வேர்த்துப் படித்தது. சொறி, வெட்டை, சுயஇன்பத்தால் வரும் நரம்புத் தளர்ச்சி, அதற்கடுத்து என்னைப் போல ஆணை விரும்பும் ஆண்கள், ஒன்றரைப் பக்கத்துக்கு. அம்மா செல்லம் கொடுத்தால் வரும், காலாகாலத்தில் கல்யாணம் முடித்தால் போய்விடும். அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு. நான் போட்டதில்லை.

ஏப்ரல் 23

தூக்கம் வரவில்லை. இது உள்ளூர்ச் சரக்கு மட்டுமில்லை. டேவிட் ரூபன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1969-இல் இதே கேள்வி பதில் பாணியில் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. ஆணை விரும்பும் ஆணுக்கு நிலைத்த உறவே அமையாது, விவரம் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் குணமாகலாம் என்று அடித்துச் சொன்னார். இத்தனைக்கும் உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957-லேயே ஆய்வு செய்து, மனநலச் சோதனை முடிவுகளைப் பார்த்து யார் ஆணை விரும்புகிறவர், யார் இல்லை என்று நிபுணர்களாலேயே பிரிக்க முடியவில்லை என்று காட்டிவிட்டார். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்தே இதை எடுத்தது. சரி, அந்தத் தீர்மானத்தை எந்த பஸ் ஸ்டாண்ட் கடையில் விற்றார்கள்? கணித மேதை சகுந்தலா தேவி 1977-இல் எங்களுக்குப் பரிந்து ஒரு புத்தகமே எழுதினார், அதுவும் எங்கள் ஊர்க் கடைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. வெட்கப்பட்டு வாங்கி, ஒளித்துவைத்துப் படிக்கிற புத்தகத்தை யாரிடம் போய் சரியா தப்பா என்று கேட்பது? அச்சில் வந்தது, அதுவும் டாக்டர் சொன்னது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 25

கேட்டேவிட்டேன். அண்ணன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நான்தான் போட்டேன். 94-ல ராம்நாட்டுல வாங்குனேன். ஒனக்குத்தான்."

வயிற்று வலிக்கு என்று சொல்லி மதுரை லாட்ஜில் ஒரு டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாரே, லேகியம் டப்பா ஒன்றுக்கு ஒரு நாள் மீன்பாட்டுக் காசு போனதே, அது இந்தக் கோட்டிலிருந்து கிளம்பியதுதானா!

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 73 கதையைச் சொன்னேன். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, மாற்றுகிறேன் என்று மருத்துவம் பார்ப்பதைத் தடுத்து உத்தரவு போட்டதையும் சொன்னேன்.

"ஜட்ஜே போய்க் கேட்டாரா?" என்றார். வலையூசி நின்றது. விரல் மடக்கி எண்ணினார்.

"அப்ப நான் வாங்கும்போதே அது இருபத்தோரு வருசத்துக்கு முந்துன சரக்கு."

"ஆமாண்ணே."

மதினி டீ கொண்டுவந்தார். புத்தகத்தை எடைக்குப் போடவா என்று கேட்டதற்கு, அண்ணன் கையை நீட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.