இருபத்தைந்து வட்டம், ஒரே ஒரு புள்ளி

டெக்சஸில் வார இறுதிகளில் நான் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் ரேஞ்சில் பத்து வருடமாகக் கூட இருப்பவர் ஒருவர். 2022-இல், அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கமான நேஷனல் ரைபிள் அசோசியேஷனின் இயக்குநர் குழுவுக்குத் தேர்வானார். மூன்று வருடப் பதவிக்காலம் முடிகிறது, 2025-இல் மறுபடி நிற்கிறேன், கையெழுத்து வாங்க ஒத்தாசை பண்ணுவாயா என்றார். நாலு பேரிடம் தாளை நீட்டும் வேலைதானே என்று தலையாட்டிவிட்டேன்.

வேட்பாளர் ஆக இரண்டு வழி. நியமனக் குழு பெயரை முன்மொழியலாம். இல்லாவிட்டால் உறுப்பினர்களின் கையெழுத்தோடு மனு. குழுவின் தயவுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நண்பர் மனுவையே எடுத்தார். யார் கையெழுத்தும் செல்லாது. ஆயுள் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது ஐந்து வருடம் இடைவெளியில்லாமல் சந்தா கட்டியிருக்க வேண்டும். சங்கத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருபவர்களிலேயே பாதிப் பேர் சந்தாவை எப்போதோ விட்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு உறுப்பினர் எண் ஞாபகமில்லை. மாதப் பத்திரிகையின் முகவரிச் சீட்டில் அது இருக்கும் என்று சொன்னதும், ஒரு பெரியவர் தன் டிரக்குக்குப் போய் பழைய இதழின் அட்டையையே கிழித்துக்கொண்டு வந்தார். அந்த வார இறுதியில் நாற்பது கையெழுத்து. சரிபார்த்ததில் பதினொன்று தேறவில்லை.

என்னை மடக்கியது ஓர் அம்மா. எழுபது வயதுக்கு மேல், ஆயுள் உறுப்பினர். 2020-இல் நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் சங்கத்தின் மேல் போட்ட வழக்கு, சங்கத்தை நெடுங்காலம் நடத்திய தலைமை நிர்வாகி வேய்ன் லாபியேரின் தனி விமானப் பயணங்கள், 2024 பிப்ரவரியில் அவர் சங்கத்துக்கு 54 லட்சம் டாலர் நஷ்டம் உண்டாக்கினார் என்று ஜூரி சொன்னது, எல்லாம் விரல்நுனியில். "உன் நண்பர் 2022-இலிருந்து அதே அறையில்தானே உட்கார்ந்திருந்தார்? வாயைத் திறந்தாரா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே கையெழுத்து கேட்டு அலைந்திருக்கிறேன் என்பதுதான் சுட்டது.

அன்று ராத்திரி நண்பரிடமே கேட்டேன். "76 பேர் உட்காரும் குழு. பணம் எந்த வழியாகப் போகிறது என்று புரியவே முதல் வருடம் போய்விட்டது. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டிருக்கணும், கேட்கவில்லை" என்றார். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. இருந்தாலும் மழுப்பாமல் சொன்னாரே என்று, அடுத்த சனிக்கிழமை இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரம். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். ஓட்டு வேறு விஷயம் என்றும் சொல்லிவிட்டார்.

சங்கத்தின் பத்திரிகையோடு வாக்குச்சீட்டு வந்ததும் அடுத்த பாடு. 25 பேர் வரை குறிக்கலாம். ஒன்று கூடினாலும் சீட்டு செல்லாது. இடங்களைவிட அதிகமான பெயர்கள், எனவே கடைசி இடங்களுக்குத்தான் இழுபறி. நண்பருக்குப் போட்ட கையோடு மற்ற 24 வட்டத்தையும் நிரப்பினால், கடைசி இடங்களுக்கு அவரோடு முட்டுகிறவர்களையும் நாமே தூக்கிவிட்டதாகும். அவர் பெயரை மட்டும் குறியுங்கள், மற்றதை வெறுமையாக விடுங்கள் என்றால் யாருக்கும் மனசு வரவில்லை. "காசு கட்டியிருக்கிறேன், 24 ஓட்டை வீணாக்கவா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். பரீட்சைத் தாளில் விடையை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். ஓட்டுரிமை உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூடச் சீட்டை அனுப்புவதில்லை என்பதால், இருபது பேரைப் பேசிக் கரைத்தாலும் அதற்கு மதிப்பு உண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உறையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொன்ன நான், என் உறையை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, கையெழுத்தில்லாமல் வைத்திருந்தேன். சமையலறை மேசையில் அதைப் பார்த்து மனைவிதான் சிரித்தாள்.

தபால் ஓட்டில் தோற்றால் இன்னொரு கதவு உண்டு. 76-ஆவது இயக்குநரை ஆண்டுக் கூட்டத்துக்கு நேரில் வரும் உறுப்பினர்கள் ஒரு வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அதை நினைத்துத்தான் நண்பர் முன்கூட்டியே அட்லாண்டாவுக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. ஜெயித்தவர்கள் பட்டியலில் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரமே வந்துவிடும் இடத்தில் அவர் பெயர் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அட்லாண்டா போய்த் திரும்பிய வாரம், ரேஞ்சில் அவருக்கு எதிர் நாற்காலியில் அந்த அம்மா, மடியில் நோட்டுப் புத்தகம். ஓட்டுப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. டார்கெட் தாள் மாட்டப் போய்விட்டேன்.