விடைத்தாள் கட்டில் தொடங்கிய கோடை விடுமுறை

பள்ளிக்கூடம் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 38 தாள்கள். அதில் ஒரு கேள்வி: 'ஒன்றே முக்காலை அரையால் வகுக்க.' விடை மூன்றரை. பாதித் தாள்களைத் தாண்டும் முன்பே கை நின்றுவிட்டது. எட்டில் ஏழு, எட்டில் ஏழு என்று ஒரே தவறான விடை திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள் அரையால் வகுக்கவில்லை, இரண்டால் வகுத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை நான் மூன்று முறை நடத்தியிருந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் எதிரே இருந்த மூத்த ஆசிரியரிடம் தாளை நீட்டினேன். "பசங்க கவனிக்கல டீச்சர், விடுங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது ஆறுதல் இல்லை. 'நான் எந்த இடத்தில் தவறவிட்டேன்?' என்று என்னோடு உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். பதினோரு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன், அப்படி ஒருவர் பெயர் என் மனதில் வரவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் போனது அந்த 38 தாள்களால் மட்டும் அல்ல.

சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டையோடு ஒப்பிட்டார் அவர். பக்கத்துப் பக்கத்துக் குழிதான், ஆனால் ஒரு முட்டை இன்னொன்றைத் தொடுவதில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அருமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், ஆண்டுக்கணக்கில் அது நமக்குத் தெரியாமலே போகும். நம் தோல்வியும் அவருக்குத் தெரியாது.

சரி, இந்த விடுமுறையில் இதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது தவறான காரியம். ஆசிரியப் பயிற்சிக் காலத்து நண்பர்கள், பணியிடைப் பயிற்சிகளில் சந்தித்தவர்கள், பழைய பள்ளியில் உடன் வேலை பார்த்தவர்கள் என்று கைபேசியில் இருந்த எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 64 பேர். முதல் நாள் வரவேற்பு, வாழ்த்து. இரண்டாம் நாள் காலை வணக்கப் படங்கள். மூன்றாம் நாள் யாரோ அனுப்பிய வினாத்தாள் தொகுப்பு, அதற்கு நாற்பது 'நன்றி'. நான் என் பின்னக் கணக்கைப் பற்றி எழுதலாம் என்று தட்டச்சு செய்தேன், பிறகு அழித்துவிட்டேன். 64 பேர் முன்னால் 'என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இது புரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? அவர்களில் என் தலைமையாசிரியரைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் குறை சொல்லவில்லை. செய்தி பரிமாறிக்கொள்ள அது உதவும். மனம் திறக்க உதவாது.

அடுத்த வாரம் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகள் எழுதினேன். பாடத்தில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பேன்? வகுப்பில் அவமானப்பட்ட நாளில் யாரை அழைப்பேன்? நான் செய்வது தவறு என்று முகத்துக்கு நேராக யார் சொல்வார்கள்? முதல் கேள்விக்கு இரண்டு பெயர், இரண்டாவதற்கு ஒரு பெயர் (அவர் ஆசிரியரும் இல்லை, என் உடன்பிறந்தவர்), மூன்றாவதற்கு வெறும் கோடு. இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவானது. அதுவரை 'நிறைய ஆட்கள்' வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினேன். 'நாம் தொடர்பில் இருப்போம்' என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் சரி என்பார்கள், அதோடு முடிந்துவிடும். அதனால் செய்தியில் மூன்றே விஷயம் வைத்தேன்: எனக்கு இந்தப் பாடத்தில் இந்தச் சிக்கல்; நீங்கள் இதைப் பார்த்தால் எனக்கு உதவியாக இருக்கும், ஏனென்றால் உங்களிடம் இந்தத் திறமையை நான் கண்டிருக்கிறேன்; அரை மணி நேரம் போதும், முடியாது என்றாலும் தப்பாக நினைக்க மாட்டேன். இரண்டாவது வரியை எழுதத்தான் நேரம் ஆனது. ஒருவரிடம் உண்மையிலேயே என்ன திறமையைப் பார்த்தோம் என்று யோசித்து எழுத வேண்டும். பொய்யாக எழுதினால் தெரிந்துவிடும்.

ஒன்பது பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதில் எழுதவில்லை. இருவர் நேரமில்லை என்றார்கள். நான்கு பேர் சம்மதித்தார்கள்.

அந்த நால்வரில் எனக்கு நெருக்கமானவர் ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்கே வியப்பாக இருந்தது. ஒருவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், இரண்டு முறை மட்டும் பயிற்சியில் சந்தித்தவர். ஒருவர் தமிழ் ஆசிரியை, பழைய பள்ளியில் ஓராண்டு பக்கத்து அறையில் இருந்தவர். ஒருவர் அறிவியல் ஆசிரியர், நண்பரின் நண்பர். இன்னொருவர் வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளம் ஆசிரியை. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் சொன்னது நினைவுக்கு வந்தது: புதிய செய்தியும் வாய்ப்பும் நெருங்கியவர்களைவிட, லேசாகப் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேரும். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். அவர் வேலை தேடியவர்களை வைத்துச் சொன்னது, எங்கள் ஐந்து பேருக்கும் அப்படியே பொருந்தியது.

இளம் ஆசிரியையைச் சேர்க்கலாமா என்று ஒருவர் தயங்கினார், "அவங்களுக்கு நாமதானே சொல்லிக்கொடுக்கணும்" என்று. நான் விடவில்லை. புதிதாக வந்தவர் கேட்கும் 'இதை ஏன் இப்படிச் செய்றீங்க?' என்ற கேள்விக்கு நிகர் இல்லை. நமக்குப் பழக்கமாகிப் போனதெல்லாம் அவர் கண்ணுக்கு இன்னும் கேள்வியாகவே இருக்கிறது.

முதல் சந்திப்புக்கு முன் விதிகள் வைத்துக்கொண்டோம். 1990களில் அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் அன்னென்பர்க் நிறுவனத்திலிருந்து 'கிரிட்டிகல் ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் ஆசிரியர் குழுக்கள் பரவின. அந்த முறையை அறிவியல் ஆசிரியர் எங்கோ படித்து வைத்திருந்தார். ஒருவர் தன் சிக்கலைப் பத்து நிமிடம் சொல்வார். மற்றவர்கள் ஐந்து நிமிடம் விவரம் மட்டும் கேட்கலாம், ஆலோசனை கூடாது. அடுத்த பதினைந்து நிமிடம் மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், சொன்னவர் வாயைத் திறக்காமல் குறிப்பெடுப்பார். கடைசியில் அவர் தனக்குப் பயன்பட்டதைச் சொல்வார். அவ்வளவுதான்.

இதில் அந்தப் பதினைந்து நிமிட மௌனம்தான் எல்லாவற்றிலும் கடினம். முதலாவதாக நான்தான் உட்கார்ந்தேன். என் பாடக்குறிப்பையும், பெயர் மறைத்த ஐந்து விடைத்தாள்களையும் படம் பிடித்து முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். "தலைகீழாக்கிப் பெருக்குன்னு மட்டும் சொல்லியிருக்காங்க, ஏன்னு எங்கயும் இல்ல" என்று இளம் ஆசிரியை சொன்னபோது எனக்குள் பதில் துடித்தது. 'சொன்னேனே, மூன்றாவது முறை நடத்தும்போது சொன்னேனே.' விதி இருந்ததால் பேசவில்லை. பேசாமல் இருந்ததால், நான் சொன்னது என் பாடக்குறிப்பில்கூட இடம் பெறாத அளவுக்கு ஓரமாக நின்றிருந்தது என்பதைப் பார்க்க முடிந்தது.

அப்புறம் தமிழ் ஆசிரியை ஒன்று சொன்னார். கணக்கு ஆசிரியர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது. "அரையால வகு, பாதியா வகு, ரெண்டும் ஒரு பிள்ளை காதுல ஒண்ணாத்தானே விழும்?" நான் வகுப்பில் ஒன்றே முக்கால் என்ற நீளத்துக்குக் கோடு போட்டு, 'இதை அரை அரையாகப் பிரிக்கணும்' என்றுதான் சொல்லியிருந்தேன். அரை அளவுள்ள துண்டுகளாக என்பது என் மனதில் இருந்த பொருள். இரண்டு பாதியாக என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். எட்டில் ஏழு எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடம் விளங்கியது. பிள்ளைகள் கவனித்துத்தான் இருக்கிறார்கள். நான் சொன்னதை, சொன்னபடியே செய்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், இது உலகம் அறிந்த கணக்கு என்றார். லிபிங் மா என்பவர் சீனாவில் ஆசிரியராக இருந்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். 1999இல் வெளியான அவருடைய ஆய்வில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் இதே ஒன்றே முக்கால், அரை கணக்கைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கு சொல்லச் சொன்னார். அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேர்தான் முழுச் சரியான விடை கண்டார்கள். பொருள் சரியாக அமைந்த கதை சொன்னவர் ஒருவரே. பலர் அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் விடையைச் சரியாகக் கண்டார்கள், பெரும்பாலோர் கதையும் சரியாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நம்மைவிட நீண்ட கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனால் சக ஆசிரியர்களோடு கூடி உட்கார்ந்து பாடத்தை அலசுவது அங்கே வேலையின் ஒரு பகுதி. அதைக் கேட்டபோது என் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. இந்தக் குழப்பத்தில் நான் மட்டும் விழவில்லை, விழுந்தவர்கள் எழுந்து வந்த வழியும் இருக்கிறது.

அன்றே ஐவரும் சேர்ந்து கதை தேடினோம். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் பிடிக்கும் பாத்திரம், எத்தனை பாத்திரம் நிரம்பும்? மூன்று பாத்திரம் நிரம்பி, கால் லிட்டர் மீதம் இருக்கும். இங்கே ஒரு பிள்ளை 'மூன்றே கால்' என்று சொல்லுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று பெரியவர் கேட்டார். கால் லிட்டர் என்பது தண்ணீரின் அளவு, பாத்திரக் கணக்கில் அது அரை. மீதி எந்த அளவுகோலில் சொல்லப்படுகிறது என்பதுதான் பாடத்தின் உயிர்நாடி. இந்த ஒரு கேள்வியில் முக்கால் மணி நேரம் போனது. பதினோரு ஆண்டுகளில் ஒரு கணக்கைப் பற்றி இவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசியதில்லை.

எல்லாம் இப்படியே சுமுகமாகப் போகவில்லை. மூன்றாவது சந்திப்பில் ஒருவர் தன் பள்ளியில் நடந்த ஒரு மனக்கசப்பைச் சொல்லி அழுதார். அடுத்த வாரமே அந்தச் செய்தி வெளியே ஒருவர் காதுக்குப் போய்விட்டது. தெரிந்தே யாரும் தீங்கு செய்யவில்லை, எங்களில் ஒருவர் வேறொரு நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனாலும் நம்பிக்கை உடைந்தது. இரண்டு வாரம் சந்திப்பு இல்லை. நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். வெளியே சொன்னவரே பாதிக்கப்பட்டவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஒரு விதி சேர்ந்தது: இங்கே கற்றுக்கொண்ட பாடம் வெளியே போகலாம், இங்கே கேட்ட கதை போகக் கூடாது. முதல் நாளே இதைப் பேசியிருக்க வேண்டும். யாராவது குழு தொடங்குவதாக இருந்தால் கூச்சப்படாமல் இதை முதலில் பேசிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் பெயர், விடைத்தாளில் இருக்கும் கையெழுத்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது பருவம் முழுவதற்கும் தேதிகளைக் குறித்துக்கொண்டோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, முக்கால் மணி நேரம். 'பள்ளி திறந்த பிறகு பார்க்கலாம்' என்று விட்டிருந்தால் நடந்திருக்காது. வேலை நாட்களில் யாருக்கும் புதிதாக ஒன்றைத் தொடங்கும் தெம்பு இருக்காது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதில் ஏறிக்கொள்ள மட்டும்தான் முடியும். வர முடியாதவர் மூன்று நிமிடக் குரல் செய்தி அனுப்பினால் போதும் என்றும் வைத்துக்கொண்டோம். ஒருங்கிணைப்பது மாதம் ஒருவர் பொறுப்பு. நானே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனால் நான் காய்ச்சலில் படுத்த அன்று குழுவும் படுத்துவிடும்.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம் இளம் ஆசிரியையிடமிருந்து இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு. ஒரு பெற்றோர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். நாளைக்கு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்றார். நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை, எங்கள் விதிப்படி விவரம் மட்டும் கேட்டேன். பேசி முடிக்கும்போது அவரே, "தலைமையாசிரியரைக் கூட வச்சுக்கிட்டு அந்தப் பெற்றோரை மறுபடி பார்க்கிறேன்" என்றார். மறுநாள் மாலை குரல் செய்தி வந்தது, பார்த்துவிட்டேன் என்று. அடுத்த ஞாயிறு அதையே எடுத்துப் பேசினோம்.

பின்னப் பாடம் இந்த ஆண்டு புதிய ஏழாம் வகுப்புக்குப் போன மாதம் வந்தது. வாளியும் அரை லிட்டர் பாத்திரமும் கொண்டு போனேன். மூன்று பாத்திரம் நிரம்பியதும், "மீதி எவ்வளவு?" என்றேன். "கால்" என்று வகுப்பே சொன்னது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "கால் லிட்டர்தான் டீச்சர், ஆனா பாத்திரத்துல பாதி" என்றாள். அன்று மாலை அதை ஐந்து பேருக்கும் பொதுவான இழையில் எழுதிப் போட்டேன். முதலில் பதில் போட்டவர் பெரியவர்: "அந்தப் பிள்ளைகிட்ட, ரெண்டு லிட்டர் பாத்திரமா இருந்தா என்ன ஆகும்னு நாளைக்குக் கேளுங்க."